டவுண் பழைய ஹோட்டல் எரிஞ்சு போச்சு, மிச்சத்தில எதக் காப்பாத்தலாம்? தெரிஞ்சாக்கள் சொல்லுங்க

புளியந்தீவுப் பேரன்

எல்லாருக்கும் வணக்கம். முந்தாநாள் ராத்திரி புளியந்தீவுக்குள்ள பழைய மாடி ஹோட்டல் ஒண்டு எரிஞ்சத மட்டக்களப்பு ஆக்கள் எல்லாரும் போன்ல பாத்திருப்பீங்க. பேர் போடல்ல, சொந்தக்காரக் குடும்பத்துக்குள்ள ஏற்கனவே காணிப் பிரச்சின போகுது, நான் அதில எண்ணெய் ஊத்தினதா இருக்கக் கூடா (இப்ப எண்ணெய் ஊத்துறது என்டு எழுதவே ஒரு மாதிரிக் கிடக்கு).

நான் அந்த ஹோட்டலுக்கு வெளி ஆள்தான், ஆனா எங்கட அம்மப்பா அங்க 31 வருசம் வேல செஞ்சவர். முதல் ரூம் பொடியன், பொறகு கணக்கப்பிள்ள, கடைசியில எல்லாம் அவர்தான். ரயில் மட்டக்களப்புக்கு வந்தது 1928ல, அதுக்கு முதலே அந்த மேல்மாடி நிண்டது என்டு சொல்லுவார், கச்சேரி (அரசாங்க ஒபிஸ்) வேலைக்கும் கோட்டு வழக்குக்கும் வாற ஆக்கள்தான் அப்ப வாடிக்க. நிலாக் காலத்தில வெள்ளக்காரர் வந்தா பாடும் மீன் கேக்க தோணியில கூட்டிப் போறதும் அவர்தான், தோணித் துடுப்பத் தண்ணியில வச்சு மற்றப் பக்கத்தில காது வைக்கச் சொல்லுவாராம். சத்தம் கேக்காத ஆக்களும் கேட்டுது என்டு சொல்லிட்டு சந்தோசமா ரெண்டு ரூவா குடுத்திட்டுப் போவாங்களாம்.

நல்ல காலம், ஒரு உயிரும் போகல்ல. வோச்சர் அண்ணன் சோத்துத் தட்டத்தில அகப்பையால அடிச்சு அடிச்சு மேல நிண்ட எட்டுப் பேரையும் இறக்கிட்டார். ஆனா கச்சான் காத்து வீசின ராத்திரி, கூரை முக்கால் மணித்தியாலத்தில போச்சு. தீயணைப்புப் பொடியன்கள் பவுசர் தண்ணி முடிஞ்ச உடன வாவியில பம்ப் போட்டு இறைச்சாங்க, விடிய அஞ்சு மணி மட்டும் நிண்டாங்க.

இப்ப நாலு பக்கச் சுவரும் நிக்குது. உள்ளுக்குப் பெரிய மரங்கள் கரியாக் கிடக்கு. பெக்கோ கொண்டு வந்து இடிச்சு வழிக்கப் போறதா கதை வருது. என்ட கேள்வி இதுதான், அந்தச் சுவர வச்சுத் திருப்பிக் கட்ட ஏலுமா, இல்ல நான் சும்மா ஆசப்படுறனா? ஆரிட்ட போய்ப் பேசோணும்? பழைய போட்டோ ஆரிட்டையாவது இருந்தா போடுங்க.

ஒண்டு சொல்ல அயத்துப் போச்சு. கீழ ஒபிஸ் அலுமாரிக்குள்ள தங்க வாற ஆக்கள்ட பேர் எழுதுற கொப்பி மூணு கிடைச்சுது, பெரிய தடிச்ச கொப்பி, நல்லா நனைஞ்சு ஓரம் எல்லாம் கரி. சொந்தக்காரர் எனக்குத்தான் தந்தவர், வீட்டு முத்தத்தில சாக்குப் போட்டு வெயில்ல காய வச்சிருக்கன்.

---

காத்தான்குடி எலக்றீசியன்

தம்பி நான் அந்தப் பக்கம் 20 வருசமா வயரிங் வேல செய்ற, அந்த ஹோட்டல்ல இல்ல, அந்த வயசுக் கட்டிடங்கள்ல. முதல்ல ஒரு விசயம், எல்லாரும் போன்ல "கேஸ் சிலிண்டர் வெடிச்ச, நாலு சத்தம் கேட்ட" என்டு அனுப்புறாங்க. 2021 கடைசியில நாடு முழுக்க கேஸ் அடுப்பு வெடிச்ச பயம் இன்னும் மனசில இரிக்கி, அதால எந்தச் சத்தம் கேட்டாலும் கேஸ்தான். நான் வீடியோவப் பாத்த, அந்தச் சத்தம் கூரைச் சீற். அஸ்பெஸ்டோஸ் சீற் சூடேறினா உள்ள இரிக்கிற ஈரம் ஆவியாகி படார் படார் என்டு வெடிச்சுப் பறக்கும், பட்டாசுக்கட்டு மாதிரி வரிசையாக் கேக்கும். சிலிண்டர் என்டா அப்படி இருவது முப்பது தரம் வெடிக்காதே.

காரணம் இதுதான் என்டு நான் சொல்ல மாட்டன், பாக்க வேண்டிய ஆக்கள் பாத்துச் சொல்லட்டும். ஆனா பழைய மாடிகள்ல நான் கழட்டினதச் சொல்றன். அந்தக் காலத்து வயர் ரப்பரும் சீலையும் சுத்தினது, நாப்பது வருசத்தில கையால தொட்டா பொரி மாதிரி உதிரும். அதே வயர்ல பொறகு ஏசி, வாட்டர் ஹீட்டர், ஐஸ் பெட்டி எல்லாம் கொழுவுவாங்க. பியூஸ் அடிக்கடி போகுது என்டு தடிச்ச செம்புக் கம்பியப் போட்டு விடுவாங்க. பியூஸ் போகாது, வயர்தான் போகும்.

இன்னொண்டு, "ட்ரிப் சுவிட்ச் இரிக்கிதானே" என்டு நம்பி இரிக்கிற ஆக்கள் கவனம். ட்ரிப் சுவிட்ச் கரண்ட் நிலத்துக்கு ஒழுகினாத்தான் விழும். ஒரு முறுக்கின மூட்டு லூஸாகி சீலிங்குக்கு மேல தணல் மாதிரி சிவந்து கொண்டிருந்தா அதுக்குத் தெரியாது, ஏனென்டா கரண்ட் எங்கயும் ஒழுகல்ல, கூடவும் இல்ல. பலகைச் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில இரிக்கிற வெளி ஒரு புகைக்கூடு, அங்க பிடிச்ச நெருப்பு கீழ தெரியிறதுக்கு முதல் மற்றக் கோடிக்குப் போயிரும்.

இடிக்கிறதுக்கு முதல் மெயின் போட், கரண்ட் பிரிச்சு விடுற டிபி போக்ஸ் இரிக்கிற சுவர நாலு பக்கத்தாலயும் போட்டோ எடுத்து வையுங்க. பொலிசுக்கும் இன்சூரன்ஸுக்கும் பொறகு தேவப்படும். அந்தச் சீற் துண்டுகளக் காய்ஞ்சபடி விளக்குமாறால கூட்ட வேணாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள போனா போனதுதான். தண்ணி தெளிச்சு, மூக்கக் கட்டிட்டு, கையால பொறுக்குங்க.

---

லைப்ரரி அக்கா

தம்பி சுவர விடுங்க!! கொப்பிய வெயில்ல இருந்து எடுங்க. இப்பவே. இத வாசிச்சு முடிக்க முதல்.

வெயில்ல காஞ்சா தாள் எல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டி அப்பளம் மாதிரி நெளிஞ்சு ஒரே கட்டையாயிரும், பொறகு ஆராலயும் பிரிக்க ஏலா. வெளிய காஞ்ச மாதிரி இருக்கும், நடுவில ஈரம் கிடக்கும், நம்மட ஊர் வெக்கைக்கு ரெண்டு நாளில பூஞ்சணம் வந்திரும். முந்தாநாள் நனைஞ்சது என்டா உங்களுக்கு இண்டைக்கு ராத்திரி மட்டும்தான் நேரம்.

செய்ய வேண்டியது லேசு. திறந்து பாக்க வேணாம், ஆசையா இருக்கும், எண்டாலும் வேணாம். கரி ஓரத்தத் துடைக்க வேணாம். சோத்துப் பார்சல் சுத்துற லஞ்ச் சீற்றால ஒவ்வொரு கொப்பியையும் தனித்தனியாச் சுத்தி, கரி ஓரம் நசுங்காம, மட்டமாப் படுக்க வச்சு டீப் பிரீஸர்ல வையுங்க. ஐஸாப் போனா பூஞ்சணம் நிண்டிரும், மை பரவுறதும் நிண்டிரும், மாசக் கணக்கில அப்படியே வச்சிருக்கலாம், பொறகு ஒவ்வொண்டா எடுத்து ஆறுதலாக் காய வைக்கலாம். வீட்டு பிரிட்ஜுக்கு மேல உள்ள சின்னப் பெட்டி காணாது, ஐஸ்கிறீம் கடை, மீன் வாடி அப்படி எங்கயாவது கேளுங்க.

கேக்கிறன், பேனை மையா போல்பொயின்றா? மைப்பேனைல எழுதினது என்டா அதுதான் முதல்ல பிரீஸருக்குப் போகோணும், அந்த மை தண்ணியில கரையும். போல்பொயின்ற் கொஞ்சம் பொறுக்கும்.

---

நாவற்குடா மச்சான்

எல்லாரும் கோவிக்காதீங்க, நான் கேக்கிறத ஆராவது கேக்கத்தான் வேணும். அந்த ஹோட்டல்ல கடைசியா எத்தின பேர் காசு குடுத்து தங்கின நீங்க? நான் ஒருக்காத் தங்கின, ஒரு கலியாணத்துக்கு வந்த ஆக்களோட. மூட்டைப்பூச்சி, பாத்ரூம் பூட்டு இல்ல, பான் சுத்தினா கட்டிலும் சேந்து ஆடும். நிக்கேக்க ஒருத்தரும் திரும்பிப் பாக்கல்ல, எரிஞ்ச உடன நம்மட சொத்து நம்மட வரலாறு.

சொந்தக்காரர் இடிச்சுக் கடை கட்டினா அது அவர்ட காணி, அவர்ட கடன். அத விட, அங்க வேல செஞ்ச ஒன்பது பேர் இருக்காங்க, சமையல்கார அண்ணனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ள. சுவருக்கு ஆரிட்ட போறது என்டு கேக்கிறீங்க, இந்த மாசச் சம்பளத்துக்கு அவங்க ஆரிட்ட போறது?

---

புளியந்தீவுப் பேரன்

அக்கா, கொப்பிய உள்ளுக்கு எடுத்திட்டன், கை நடுங்குது. ரெண்டு கொப்பி மைப்பேனை, நீலம் ஓரத்தால ஒழுகி சாக்கிலயும் பட்டிருக்கு. ஒண்டு போல்பொயின்ற். எங்கட பெரிய மாமிக்கு நாவலடிப் பக்கம் மீன் யாவாரம், பெரிய ஐஸ் பெட்டி இருக்கு. இப்ப அங்கதான் வெளிக்கிடுறன்.

மச்சான், நீங்க சொன்னதுக்கு என்னட்ட மறுமொழி இல்ல. மூட்டைப்பூச்சியும் உண்மதான்.

---

கட்டிடக்காரன்

காலி கோட்டைக்குள்ள பழைய வீடு திருத்துற சைட்டுகள்ல 6 வருசம் நிண்ட நான், அந்த அனுபவத்தில சொல்றன். போட்டோவ மட்டும் பாத்து முடிவு சொல்ல மாட்டன். ஆனா எதப் பாக்கோணும் என்டு சொல்லலாம்.

கரியாக் கிடக்குது என்டு சொல்ற அந்தப் பெரிய மரங்கள ஆரையும் தூக்கிப் போக விடாதீங்க. நம்மட பக்கத்துப் பழைய மாடியில தீராந்திகள் அநேகமா முதிரை இல்லாட்டிப் பாலை. இந்தக் கெட்டி மரம் எரியக்க வெளிப்பக்கம் கரியாகி அந்தக் கரியே உள்ளுக்கு ஒரு போர்வ மாதிரி நிக்கும். நிமிசத்துக்கு அர மில்லிமீற்றர் அளவுக்குத்தான் உள்ள போகும், ஒரு மணித்தியாலம் எரிஞ்சாலும் ஒவ்வொரு பக்கத்தாலயும் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் போயிருக்கும். பத்து அங்குலத் தீராந்தி என்டா நடுவில ஏழு அங்குலத்துக்கு மேல பச்சையா நிக்கும். வாச்சியால சீவிப் பாருங்க, மஞ்சள் மரம் தெரியும். பாக்கிறதுக்குப் பயமா இருக்கிறது மரம், உண்மையில பயப்பட வேண்டியது இரும்பு. பொறகு காலத்தில தண்ணி டாங்கிக்கும் ஏசிக்கும் என்டு கேர்டர் போட்டிருப்பாங்க, 600 பாகை சூட்டுக்கு வரக்க இரும்புக்குப் பாதிப் பலம் போயிரும், வளைஞ்சு தொங்கி சுவரயும் இழுத்து விட்டிரும். ஆராவது உள்ளுக்குப் போறது என்டா கேர்டர் ஏறி நிக்கிற சுவருக்குக் கீழ நிக்க வேணாம்.

சுவர் எதால கட்டினது? செங்கல்லா, கடல் முருகைக்கல்லா? முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் என்டா இன்னொரு விளையாட்டு இருக்கு. வாவிக்கரையில சிப்பிய சூளையில போட்டுச் சுட்டுத்தானே வெத்திலைக்குச் சுண்ணாம்பு எடுத்தது, அதேதான் சுவருக்கும் நடந்திருக்கும், சூடு கடுமையாப் பட்ட இடத்தில கல்லே சுட்ட சுண்ணாம்பாப் போயிருக்கும். அதில தண்ணி பட்டா நீறிப் பொருமி மாவா உதிரும். சுத்தியலால மெதுவாத் தட்டிப் பாருங்க, டங் என்டா உயிர், பொத் என்டா போச்சு. அநேகமா யன்னல் தலைப்பக்கமும் கூரை இருந்த மேல் ரெண்டு அடியும்தான் போயிருக்கும், கீழ நல்லா இருக்கும்.

வாவித் தண்ணி இறைச்சது என்டு சொன்னீங்க, அது சவர். சுவர் குடிச்ச உப்பு காயக் காய வெளிய பூக்கும், பூச்ச உரிச்சுத் தள்ளும். அவசரப்பட்டு சீமெந்து அடிச்சு மூடின என்டா உள்ளுக்கு இருந்து தின்னும். முதல்ல நல்ல தண்ணியால கழுவி, மூச்சு விட்டுக் காய விடோணும், அதுக்கே ஒரு வருசம் போகும்.

அதுக்கெல்லாம் முதல் மழை. இப்ப கச்சான் காலம், மழை குறைவு, சுவர் நிக்கும். ஐப்பசி கார்த்திகையில மாரி பிடிச்சா மூடி இல்லாத சுண்ணாம்புச் சுவர் மேலால தண்ணி குடிச்சு தானா விழும், பெக்கோ தேவையில்ல. சுவர்த் தலைக்குத் தறப்பாள் போட்டு, மரம் முட்டுக் குடுத்து நிப்பாட்டினா யோசிக்க நேரம் கிடைக்கும். செலவு பெரிசில்ல.

சட்டம் கேட்டீங்க. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தானாக் காப்பாத்திறது 1815க்கு முந்தினதத்தான். ஆனா 100 வருசத்துக்குக் குறையாத கட்டிடத்த அமைச்சர் வர்த்தமானியில போட்டு பாதுகாக்கலாம். அதால அம்மப்பா சொன்ன கதை காணாது, காணிப் பதிவகத்தில பழைய உறுதி எடுத்து அட்டவணையில "கல்வீடு", "மேல்மாடி" என்டு எந்த வருசம் முதல் வருது என்டு பாருங்க. நூறு வருசத்துக்கு முதல் என்டா கணக்குச் சரியா வரும். ஆனா சொந்தக்காரர் விரும்பாம இத இழுத்தா வழக்கும் வெறுப்பும்தான் மிஞ்சும், சுவர் அதுக்குள்ள விழுந்திரும். அவரோட இருந்து பேசுங்க. அவருக்கு ஒரு கணக்குக் காட்டுங்க, நல்ல தீராந்திக்கு இண்டைக்கு உள்ள விலையே ஒரு கணக்கு. இன்சூரன்ஸ் பத்திரத்தையும் பாக்கச் சொல்லுங்க. நாலு கோடிக் கட்டிடத்த ஒரு கோடிக்குப் போட்டு வச்சிருந்தா, ஒரு கோடி நட்டத்துக்குக் காக் கோடிதான் வரும், அது தெரியாமத்தான் கன பேர் கட்டத் தொடங்கிப் பாதியில விடுறது.

நாவற்குடாத் தம்பி சொன்னதும் எனக்குச் சரியாத்தான் படுது. சீற் பொறுக்க, மரம் சீவ, காவலுக்கு ஆள் வேணும், நாள் கூலிக்கு வெளிய ஆள் பிடிக்காம அந்த ஒன்பது பேரையும் கூப்பிடச் சொல்லுங்க.

---

வாழைச்சேனை மாமி (இப்ப ஸ்காபரோ, கனடா)

மனே, நான் இதுகள்ல எழுதுற ஆள் இல்ல, மகள்தான் போன்ல காட்டி எழுதித் தாறாள். எரிஞ்ச வீடியோவப் பாத்து விடிய விடிய நித்திரை இல்ல.

எங்கட அப்பா 78 சூறாவளி அண்டு அந்த ஹோட்டலுக்குள்ளதான் நிண்டவர். காணி அலுவலா கச்சேரிக்குப் போனவர், நவம்பர் 23 பின்னேரம் காத்துப் பிடிச்சிட்டுது, பஸ் இல்ல. ராத்திரி ஓடு எல்லாம் கடதாசி மாதிரிப் பறந்துதாம், மரப் படிக்கட்டுக்குக் கீழ பதினாலு பேர் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சுக் கொண்டு இருந்தாங்களாம், அந்தப் படிக்கட்டு அசையவே இல்ல என்டு சாகுமட்டும் சொன்னவர். பொறகுதான் கூரைக்குச் சீற் போட்டது. வழியெல்லாம் தென்ன விழுந்து கிடக்க நடந்தே வந்தவர் மூணாம் நாள், அம்மா அதுக்குள்ள செத்த வீடு மாதிரி ஒப்பாரி வச்சுப் போட்டா. வாசல்ல வந்து நிண்டு முதல் கேட்டது "சோறு இருக்கா" என்டு.

அந்தப் படிக்கட்டும் எரிஞ்சிட்டா மனே?

எங்கட வீடு 90ல சண்டையில போனதோட அவர்ட ஒரு போட்டோவும் இல்ல, ஒரு கையெழுத்தும் இல்ல. அந்தக் கொப்பியில வாற ஆக்கள் கையெழுத்துப் போடுறதுதானே. 78ம் ஆண்டுக் கொப்பி கிடைச்சுதா?

---

நாவற்குடா மச்சான்

மாமி மன்னிச்சுக் கொள்ளுங்க. நான் கட்டிடத்தத்தான் சொன்ன.

பேரன், நாளைக்குக் காலம நான் வாறன். என்னட்ட லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் இருக்கு, தறப்பாள் ரெண்டும் இருக்கு, நெல்லு மூடுறது, இப்ப சும்மாதான் கிடக்கு.

---

லைப்ரரி அக்கா

கொப்பி காஞ்ச பொறகு ஒவ்வொரு பக்கமும் போட்டோ எடுக்கோணும், இல்லாட்டி இன்னொரு நெருப்போ வெள்ளமோ வந்தாப் போயிரும். நூலகம் திட்டம் 2005ல இருந்து நம்மட பழைய தாள்களை ஸ்கான் பண்ணி வைக்கிறாங்க, சொந்தக்காரர் ஓம் என்டா அவங்களோட கதைக்கலாம். 1981ல யாழ்ப்பாணம் லைப்ரரியில 97,000 அளவு புத்தகம் போச்சு. கட்டிடம் திரும்ப வெள்ளையா எழும்பிட்டுது, தனிப் பிரதியா இருந்த ஏடும் கைப்பிரதியும் வரல்லயே.

ஆனா ஒண்டு, ஆக்கள்ட பேரும் ஊரும் உள்ள கொப்பி, எல்லாத்தையும் வெளிய போட ஏலா. ஆர் ஆரோட தங்கின என்டு இப்ப தெரிஞ்சு என்ன செய்யப் போறம், சிலது மூடியே கிடக்கட்டும்.

---

புளியந்தீவுப் பேரன்

லேட்டாகிட்டு, இப்பதான் வீட்ட வந்த. மூணு கொப்பியும் லஞ்ச் சீற் சுத்தி மாமிட ஐஸ் பெட்டிக்குள்ள, சீலா மீனுக்குப் பக்கத்தில. மாமி முதல்ல ஏசின, "கரிக் கொப்பிய மீனோட வைக்கிறயா" என்டு. பொறகு அவவே மீன அங்கால தள்ளி ஒரு தட்டு முழுக்க ஒழிச்சுத் தந்தா.

மறுமொழிகள்: சுவர் கீழ முருகைக்கல், மேல்மாடி செங்கல். படிக்கட்டில கைபிடி முழுக்கப் போச்சு, படி பதினேழில பதினொண்டு நிக்குது, கரியாத்தான். எலக்றீசியன் நானா சொன்ன மாதிரி டிபி போக்ஸ் போட்டோ எடுத்தாச்சு. சொந்தக்காரர்ட மகன் பெக்கோவ ஒரு கிழமைக்கு நிப்பாட்டுறன் என்டு சொல்லியிருக்கான், ஒரு கிழமைதான், அதுக்கு மேல சத்தியம் பண்ணல்ல. மச்சான், காலம ஏழு மணிக்கு வாங்க, சமையல்கார அண்ணனும் வாறார்.

வாழைச்சேனை மாமி, சுத்தக்க முதுகுப் பக்கத்தில ஒட்டியிருந்த துண்டுத் தாள வாசிச்சுப் பாத்த. ஒண்டில ஒண்டும் தெரியல்ல. ஒண்டு 1988 என்டு தொடங்குது, அது பாதியோட நிண்டிருக்கும், 90 யூனுக்குப் பொறகு அங்க ஆரும் வந்து தங்கல்ல என்டு அம்மப்பா சொல்லுவார். மற்றதில அவர்ட கையெழுத்திலயே இருக்கு, 77 முதல் 79. அது மைப்பேனைக் கொப்பி, மை எவ்வளவு நிண்டிருக்கு என்டு இப்ப தெரியா. இப்ப திறந்தா தாள் கிழியும் என்டு அக்கா சொல்லிட்டா, காயுறதுக்கு மாசக் கணக்காகும்.

உங்கட அப்பாட பேர இதில எழுத வேணாம், தனியா அனுப்பி வையுங்க. என்ன கையெழுத்துப் போடுவார், தமிழா இங்கிலீசா, அதையும் சொல்லுங்க.